முதல் டைம்ஷெயார் வாங்க முன் எண்ண வேண்டியது இரவுகளை

சுப்பர்மார்க்கெட்டில் நிரப்பிப் போட்ட கூப்பனுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து வாங்க வேண்டும் என்று ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால், அது பெரும்பாலும் டைம்ஷெயார் விற்பனைக் கூட்டத்துக்கான அழைப்புத்தான். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டல் மண்டபம், சின்னச் சின்ன வட்ட மேசைகள், ரோல்ஸ், பால் தேத்தண்ணி, மகனுக்கு ஒரு பலூன். ஒன்றரை மணித்தியாலம் என்று சொன்னார்கள். வெளியே வரும்போது மூன்றரை மணித்தியாலம் போயிருந்தது.

எங்கள் மேசைக்கு வந்த பையன் மரியாதையானவன். வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, "வருஷத்துக்கு எத்தனை தரம் ட்ரிப் போவீங்க அக்கா? ஒரு இரவுக்கு ரூமுக்கு எவ்வளவு குடுப்பீங்க?" என்று கேட்டுக் கேட்டு எழுதினான். இரண்டையும் பெருக்கி, இருபத்தைந்து வருஷத்துக்கு இழுத்து, கீழே இரண்டு கோடு போட்டு ஒரு பெரிய தொகையைக் காட்டினான். அதற்குப் பக்கத்தில் அவர்கள் கேட்ட விலை சின்னதாகத் தெரிந்தது. எங்களோடு வந்து அதுவரை பேசாமல் இருந்த மாமிதான் வாய் திறந்தார். "தம்பி, இதுக்குக் காணி உறுதி எங்க? ஆர்ர பேரில எழுதுவீங்கள்?" உறுதி இல்லை அம்மா, மெம்பர்ஷிப் சேர்ட்டிபிகேட் தருவோம் என்றான். ஒப்பந்தத்தைத் தாருங்கள், வீட்டில் வைத்து வாசித்துவிட்டு வருகிறோம் என்றோம். கொண்டுபோக ஏலாது, இந்த விலையும் இன்றைக்கு மட்டும்தான் என்றான். நாங்கள் கையெழுத்து வைக்காமல் வந்துவிட்டோம்.

வந்தாலும் யோசனை விடவில்லை. விடுமுறைக்கென்று முன்கூட்டியே காசைக் கட்டிவைப்பதில் பிழை ஒன்றும் இல்லையே. ஆகவே ஒரு மாதம் எடுத்து, எங்களுக்கு முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தேன். இதே கேள்வியோடு இருக்கும் இன்னொரு வீட்டுக்கு அது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பொருள் என்னவென்று பார்ப்போம். ஒரு விடுமுறை வீட்டை ஐம்பது, ஐம்பத்திரண்டு கிழமைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கிழமையையும் ஒவ்வொருவருக்கு விற்பதுதான் டைம்ஷெயார். 1960களில் ஐரோப்பாவில் தொடங்கிய முறை இது. 1963 இல் சுவிட்சர்லாந்தில் ஆரம்பித்த ஹாப்பிமாக் முன்னோடிகளில் ஒன்று. 1974 இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஐ. என்ற கிழமை மாற்று நிறுவனம் வந்த பிறகு, உங்கள் கிழமையைக் கொடுத்து வேறொரு நாட்டில் வேறொருவரின் கிழமையை மாற்றி எடுக்கலாம் என்ற வசதி பரவியது. சில ஒப்பந்தங்களில் ஒவ்வொரு வருஷமும் அதே கிழமைதான் கிடைக்கும். சிலவற்றில் ஒரு பருவத்துக்குள் எந்தக் கிழமையையும் கேட்கலாம். இப்போது அதிகம் விற்பது பொயிண்ட்ஸ், அதாவது கிழமைக்குப் பதிலாகப் புள்ளிகள் தருவார்கள், அவற்றைக் கொடுத்து இரவுகளை எடுக்க வேண்டும். அமெரிக்காவில் சில இடங்களில் உண்மையாகவே உறுதி எழுதிக் கொடுப்பார்கள். மற்றப்படி பெரும்பாலும் குறிப்பிட்ட வருஷங்களுக்குத் தங்கும் உரிமை மட்டும்தான். இந்தியாவில் கிளப் மஹிந்திராவின் பழக்கப்பட்ட உறுப்புரிமை 25 வருஷம், வருஷத்துக்கு ஏழு நாள், பருவத்துக்கு ஒரு நிறம். மாமி கேட்ட கேள்வி சரியான இடத்தில்தான் விழுந்தது: நீங்கள் வாங்குவது காணியா, தங்குகிற உரிமையா?

எதை வாங்கினாலும் கூடவே வருவது வருடாந்தப் பராமரிப்புக் கட்டணம். விற்பனை மேசையில் அதைக் கடைசியில்தான் சொல்வார்கள். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அது கட்ட வேண்டிய காசு, வருஷா வருஷம் ஏறும் காசு. ஒரு உதாரணத்துக்கு 15 இலட்சம் விலை, முதல் வருஷக் கட்டணம் 75,000 ரூபாய், வருஷத்துக்கு 8 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25ஆவது வருஷத்தில் அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் 4 இலட்சத்து 75 ஆயிரத்துக்கு மேல் கட்டுவீர்கள். 25 வருஷக் கட்டணமும் சேர்ந்தால் ஏறக்குறைய 55 இலட்சம். விலையைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். ஆகவே விலையைக் குறைத்துத் தருகிறோம் என்று சொல்லும்போது, கட்டணம் ஏறுவதற்கு எல்லை எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். பேரம் பேச வேண்டிய இடம் அதுதான்.

இனி நியாயமாக ஒப்பிடுவோம். பையன் காட்டிய கணக்கில் வாடகை மட்டும் இருந்தது, வட்டி இல்லை. அந்த 15 இலட்சத்தை நிலையான வைப்பில் போட்டு 8 சதவீத வட்டி கிடைத்தால் வருஷத்துக்கு 120,000. வட்டியில் 10 சதவீத வரி போக 108,000. அதோடு பராமரிப்புக் கட்டணம் 75,000. ஆகவே டைம்ஷெயாரின் முதல் வருஷச் செலவு 183,000 ரூபாய். 25 வருஷம் முடிய அந்த 15 இலட்சமும் திரும்பி வராது. மறுபக்கம் வாடகையும் ஏறிக்கொண்டே போகும். இந்த இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று சரி என்று விட்டுவிடுகிறேன்.

போன வருஷம் நுவரெலியாவில் மூன்று அறையும் குசினியும் உள்ள ஒரு வீட்டை இரவுக்கு 30,000 ரூபாய்க்கு எடுத்தோம். நாங்கள் நாலு பேர், மாமியோடு ஐந்து. அதே அளவான வீட்டில் ஏழு இரவு தங்கினால் 210,000. அப்படியென்றால் டைம்ஷெயார்தான் இலாபம், அதை மறைக்கத் தேவையில்லை. நாலு இரவு என்றால் வாடகை 120,000, டைம்ஷெயாரோ அதே 183,000. எங்கள் கணக்கில் இரண்டும் சந்திக்கிற இடம் ஏறக்குறைய ஆறு இரவு. ஒவ்வொரு வருஷமும் ஆறு இரவுக்குக் குறையாமல் போகிற குடும்பமா என்பதுதான் முழுக் கேள்வியும். உங்கள் வாடகையையும் அவர்கள் சொல்லும் விலையையும் போட்டுப் பாருங்கள், உங்களுக்கு வேறு எண் வரும். கேள்வி மாறாது.

அதற்குப் பதில் எங்கள் தொலைபேசியில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் கணவரும் இருந்து, பத்து வருஷப் படங்களைப் பின்னோக்கித் தள்ளி, சொந்தக்காரர் வீட்டில் தங்காமல் காசு கொடுத்துத் தங்கிய இரவுகளை மட்டும் கொப்பியில் எழுதினோம். பெந்தோட்டையில் இரண்டு. நிலாவெளியில் மூன்று, மகள் மணலில் தன் பெயரை எழுதிவிட்டு அலை அழிக்க அழுத படம். பண்டாரவளையில் இரண்டு. எல்லாம் கூட்டினால் 31 இரவு. வருஷத்துக்கு மூன்று! அந்த மேசையில் பையன் கேட்டபோது நான் மனமறிந்து பொய் சொல்லவில்லை, "ஒரு கிழமையாவது போவோம்" என்று உண்மையாகவே நம்பிச் சொன்னேன்.

ஏன் மூன்று என்று யோசித்தால், நம்முடைய காலண்டர் அப்படி. பாடசாலை விடுமுறை வருவது ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர். ஏப்ரலில் புத்தாண்டு, நுவரெலியாவில் வசந்த காலம், கொழும்பில் பாதி அங்கேதான் நிற்கும். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழா, 25 நாள். தேர், தீர்த்தத்துக்கு யாழ்ப்பாணம் போகாத வருஷம் எங்கள் வீட்டில் இல்லை, அங்கே தங்குவது பெரியம்மா வீட்டில். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழா. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் வருவதும், அவர்கள் வரும்போது கலியாணங்கள் வைப்பதும் அதே ஓகஸ்டில்தான். டிசெம்பரில் கிழக்குக் கடலில் இறங்க முடியாது. மழையும் அலையும். தெற்குப் பக்கம் நன்றாக இருக்கும், அப்போது வெளிநாட்டுப் பயணிகளால் விலை ஏறியிருக்கும். அப்புறம் பிள்ளைகளின் சோதனை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில், பிறகு சாதாரண தரம், பிறகு உயர்தரம். உயர்தர டியூஷன் தொடங்கினால் இரண்டு வருஷத்துக்கு அந்த வீட்டில் யாரும் அசையமாட்டார்கள்.

ஒரு டைம்ஷெயாரில் எல்லா உறுப்பினருக்கும் வேண்டியது இதே சில கிழமைகள்தான். ஆர்.சி.ஐ. முறையில் நெரிசலான பருவம் சிவப்பு, நடுவானது வெள்ளை, ஆளில்லாதது நீலம். குறைந்த விலைக்குத் தருகிறோம் என்று நீலத்தை நீட்டினால், பாடசாலைப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது உதவாது. பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை நுவரெலியாவில் போய் இருக்க யாரால் முடியும்? ஓய்வு பெற்ற தம்பதிக்கு முடியும். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு யாரும் ஹோட்டல் பக்கம் போகவில்லை. 2020 இல் ஊரடங்கு. 2022 இல் பெற்றோல் வரிசை. நாலு வருஷத்தில் மூன்று வருஷம் நினைத்தபடி பயணம் போக முடியாத நாடு இது. வாடகைக்குப் போகிறவர் அந்த வருஷம் வீட்டில் இருந்துவிடுவார், செலவும் இராது. உறுப்புரிமை எடுத்தவருக்குப் பராமரிப்புக் கட்டணச் சீட்டு வந்தே தீரும். கட்டணம் டொலரில் என்றால் நிலைமை இன்னும் மோசம். 2022 மார்ச் ஆரம்பத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ஐத் தாண்டியது. 500 டொலர் கட்டணம் மூன்று மாதத்துக்குள் ஒரு இலட்சத்திலிருந்து ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ஆனது. சம்பளம் ரூபாயில் வரும் வீட்டில் டொலர்க் கட்டணத்துக்கு இருபது வருஷத்துக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

லண்டனில் இருக்கும் அண்ணா தன்னுடைய டைம்ஷெயாரை எங்களுக்கு எழுதித் தருகிறேன் என்றார். கனேரித் தீவுகளில் ஒரு கிழமை, தொண்ணூறுகளில் வாங்கியது. விலை ஒன்றும் வேண்டாம், பெயரை மாற்றினால் போதும் என்றார். சும்மா கிடைப்பதை ஏன் விடுவது என்று முதலில் தோன்றியது. ஆனால் அவர் சும்மா தரக் காரணம், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், கட்டணம் மட்டும் வருஷந்தோறும் யூரோவில் வருகிறது. எங்களுக்கென்றால் அதோடு ஐந்து விமானச் சீட்டும் ஐந்து ஷெங்கன் விசாவும். ஒரு ஆளுக்கு விசா கிடைக்காவிட்டால் அந்தக் கிழமை வீண். இலங்கைக் கடவுச்சீட்டோடு வாழ்கிற குடும்பத்துக்கு "உலகம் முழுக்க மாற்றி எடுக்கலாம்" என்ற வாக்குறுதியின் பெறுமதி பாதிக்கும் கீழே. அண்ணாவுக்கு நான் சொன்னது, அந்த ஒப்பந்தத்தை முதலில் ஒரு ஸ்பானிய சட்டத்தரணிக்குக் காட்டுங்கள் என்று. ஸ்பெயினில் 1998 இன் 42ஆவது சட்டம் இப்படியான உரிமைக்கு 3 முதல் 50 வருஷம்தான் என்று எல்லை வைத்தது. அந்தச் சட்டத்துக்குப் பிறகும் காலவரையின்றி எழுதிய ஒப்பந்தம் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015 இல் தீர்ப்புச் சொன்னது. அவருடையது எந்த வருஷத்தில் எழுதியது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"பிள்ளைகளுக்கு ஒரு சொத்து" என்று மேசையில் சொல்வார்கள். நம்மவர்களுக்கு உடனே உருகும் சொல் அது. காணியும் நகையும் சொத்து, ஏனென்றால் விற்றால் காசு வரும். டைம்ஷெயாரைத் திரும்ப விற்பது மிகவும் கடினம். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டொலருக்கு வாங்கியவற்றை ஈபேயில் ஒரு டொலருக்குப் போட்டும் ஆள் தேடுகிறார்கள். விற்றுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று உரிமையாளர்களை ஏமாற்றுகிறவர்களும் அந்தச் சந்தையைச் சுற்றியே நிற்கிறார்கள்.

இனி மற்ற வழிகள். நாங்கள் எடுத்தது மிகவும் சாதாரணமான வழி: விடுமுறைக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு. சம்பளம் வரும் அன்றே மாதம் 12,000 தானாக அதற்குப் போகிறது, வருஷத்துக்கு 144,000. அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். அட்டை எடுக்கவில்லை, எடுத்தால் பாடசாலை வான் காசுக்குப் போய்விடும் என்று தெரியும். நாலு இரவு வாடகையும் போய்வரும் செலவில் ஒரு பகுதியும் இதில் அடங்குகிறது. போக முடியாத வருஷத்தின் காசு அடுத்த வருஷத்துக்குச் சேர்கிறது. இதன் குறை விலைவாசி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அப்படி ஒரு வருஷம் திரும்ப வந்தால் சேர்த்த காசு உருகிவிடும். அதற்காகவே இதில் இரண்டு வருஷத்துக்கு மேல் சேர விடுவதில்லை. இன்னொரு குறை, ஏப்ரலுக்கு நல்ல வீடு வேண்டுமென்றால் தைப்பொங்கலுக்கு முன்பே பதிந்துவிட வேண்டும்.

அரச வேலையில் இருப்பவர்களுக்குத் திணைக்கள சர்க்கிட் பங்களா, வங்கியில் இருப்பவர்களுக்கு அவர்களின் விடுமுறை இல்லம். வீட்டில் ஒருவருக்காவது அந்த வசதி இருந்தால் வேறு எதையும் பார்க்க முன் அதைப் பாருங்கள். அந்த வாடகையோடு போட்டி போட எதனாலும் முடியாது.

சகோதரர்கள் சேர்ந்து ஒரு வீடு வாங்குவது மூன்றாவது வழி. என் கணவருக்கு இதில்தான் ஆசை. நுவரெலியாவிலோ திருகோணமலையிலோ ஒரு சின்ன வீடு, மூன்று குடும்பம், ஆளுக்கு மூன்றில் ஒன்று. இங்கே மாமி கேட்ட உறுதி இருக்கிறது. விற்கலாம், ஈடு வைக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதலாம். செலவும் அதற்கேற்றபடி. ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு முத்திரை வரி மட்டும் 399,000 ரூபாய், முதல் இலட்சத்துக்கு 3 சதவீதமும் மிச்சத்துக்கு 4 சதவீதமும். நொத்தாரிசுக் கட்டணம் தனி. மலைநாடு என்றால் கட்டவோ பெருப்பிக்கவோ முன் மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். அதைக் கேட்காமல் சரிவில் காணி வாங்கக் கூடாது.

வாங்கிய பிறகு வருவதுதான் கனம். நுவரெலியாவில் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் மெத்தையில் பூஞ்சை, அலுமாரிக்குள் ஈர வாடை. காவலுக்கு ஒரு ஆள், அவருக்கு மாதச் சம்பளம், மின்சாரப் பில், ஓடு மாற்றும் செலவு. மூன்று குடும்பத்துக்கும் வேண்டியது அதே ஏப்ரல் கிழமை. ஒருவர் வெளிநாடு போய்த் தன் பங்கை விற்கக் கேட்டால் மற்ற இருவரும் அந்த நேரத்தில் காசுக்கு எங்கே போவது? சேர்ந்து வாங்குவதென்றால், யாருக்கு எந்த ஏப்ரல், விலகினால் எந்த விலைக்கு என்று சட்டத்தரணி முன்னால் எழுதிவிட்டு வாங்குங்கள். உடன்பிறப்புக்குள் எழுத்தா என்று கூச்சப்படுவார்கள். எழுதாத பங்குக் காணியால் நல்லூர்த் தேரடியில் நேருக்கு நேர் வந்தும் முகம் பார்க்காமல் போகும் இரண்டு வீடுகளை எனக்குத் தெரியும்.

அப்படியானால் டைம்ஷெயார் யாருக்குச் சரி? ஓய்வு பெற்றவர்கள், உடம்பு நன்றாக இருப்பவர்கள், ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ வருஷம் ஒரு முறை ஒரு கிழமை போய்த்தான் வருகிறவர்கள். பாடசாலை விடுமுறை அவர்களுக்குப் பொருட்டில்லை, நீலப் பருவமே போதும். குசினியோடு கூடிய வீடு மாதிரியான அறை கிடைப்பது பெரிய வசதி. மாமியைப் போல விரத நாட்களில் வெளிச்சாப்பாடு தொடாதவர்களுக்கு ஹோட்டலைவிட அது எவ்வளவோ மேல். அவர்களும் முதலில் இரண்டாம் கையாக, ஏற்கனவே எடுத்தவரிடமிருந்து, கிளப்பின் எழுத்துமூல சம்மதத்தோடு வாங்கப் பார்க்கட்டும். கையில் உள்ள காசில் மட்டும் வாங்கட்டும். கிரெடிட் கார்ட் தவணையில் எடுத்தால் நான் மேலே போட்ட கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிடும்.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டிய இடங்கள் சில. கட்டணம் எந்த நாணயத்தில், ஏற்றத்துக்கு எல்லை உண்டா? கூரை திருத்த என்று மேலதிகக் காசு கேட்கலாமா? ஏப்ரலுக்கு எத்தனை மாதம் முன்னால் பதியலாம், பதியவே முடியாத நாட்கள் எவை? போகாத வருஷத்தின் நாட்கள் சேருமா? கட்டடம் யாருடைய பெயரில், அது வங்கியில் ஈடு இருக்கிறதா? ஐந்தாம் வருஷத்தில் விலகினால் என்ன திரும்பும்? வாயால் சொன்ன பதிலைக் கணக்கில் எடுக்க வேண்டாம். தாளைத் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

யாராவது ஏற்கனவே கையெழுத்து வைத்துவிட்டு இதை வாசிக்கிறீர்களென்றால், இன்றே ஒப்பந்தத்தை எடுத்து விலகும் காலம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் சட்டப்படி 14 நாள், அந்த நாட்களில் முன்பணம் வாங்கவும் தடை. அமெரிக்காவின் புளோரிடாவில் 10 நாள். கொழும்பில் கையெழுத்து வைத்திருந்தால் தாளில் எழுதியிருக்கும் காலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். விலகுகிறேன் என்று இரண்டே வரி எழுதி, திகதி போட்டு, கணவன் மனைவி இருவரும் ஒப்பமிட்டு, பிரதி எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். கார்டில் கட்டியிருந்தால் அன்றைக்கே வங்கிக்கும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977.